எட்டு வருடத்துக்கு ஒரு பரிசோதனை: இடையில் சாரதியின் உடல்நிலையை யார் பார்ப்பது?

2025 மே மாதம் கொத்மலை கரண்டியெல்லவில் பஸ் கவிழ்ந்து இருபதுக்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். அதே ஆண்டு செப்டம்பரில் எல்ல - வெல்லவாய வீதியில் இன்னொரு பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் பலியாகினர். இரண்டு சந்தர்ப்பங்களிலும் பிரேக், வேகம், வீதி வளைவு, ஆசனப்பட்டி, போதைப்பொருள் என்று நாடே பேசியது. பேச வேண்டிய விடயங்கள்தான். அவ்விரு விபத்துகளுக்கும் நோய்தான் காரணம் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் வீதிப் பாதுகாப்பு பற்றிய நமது பேச்சில் எப்போதும் விடுபட்டுப் போகும் கேள்வி ஒன்று உண்டு. சாரதி ஆசனத்தில் இருப்பவரின் உடல்நிலை வாகனம் ஓட்டத் தகுதியானதா?

இதற்கு நம் நாட்டில் ஏற்பாடு இல்லாமல் இல்லை. சாரதி அனுமதிப்பத்திரம் பெறவும் புதுப்பிக்கவும் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் சான்றிதழ் வேண்டும். இலகு வாகனங்களுக்கு எட்டு வருடத்துக்கு ஒரு தடவையும், கனரக வாகனங்களுக்கு நான்கு வருடத்துக்கு ஒரு தடவையும் புதுப்பிக்கிறோம். பார்வை, செவிப்புலன், இரத்த அழுத்தம் போன்றவை அங்கு பார்க்கப்படுகின்றன. ஆனால் அந்தச் சான்றிதழ் சொல்வது பரிசோதனை நடந்த நாளின் நிலைமையை மட்டுமே. வலிப்பு வரும் ஒருவர் அன்று காலை மற்றவர்களைப் போலவே வரிசையில் நிற்பார். அவராகச் சொன்னாலன்றி அது தெரிய வராது. நாற்பது வயதில் சான்றிதழ் எடுத்தவருக்கு நாற்பத்திரண்டில் சீனி வருத்தம் வந்து, நாற்பத்தைந்தில் இன்சுலின் ஆரம்பிக்கலாம். கண்ணில் வெள்ளை படரலாம். மாரடைப்பும் வரலாம். இவையெல்லாம் கிளினிக் கொப்பியில் எழுதப்படும். அந்தக் கொப்பியில் இருப்பது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குத் தானாகப் போய்ச் சேர்வதில்லை.

நோய் இருப்பவர் எல்லோரும் வாகனம் ஓட்டக்கூடாது என்பதல்ல இதன் அர்த்தம். அப்படிப் பார்த்தால் நமது வீதிகளில் பாதி வாகனங்கள் நின்றுவிடும். நோய் கட்டுப்பாட்டில் இருக்கிறதா, திடீரென்று நினைவு தவற வாய்ப்புண்டா என்பதுதான் கேள்வி. இன்சுலின் போடுபவர்களும், சில வகை நீரிழிவு மாத்திரைகளை எடுப்பவர்களும் சாப்பாடு பிந்தினால் இரத்தத்தில் சீனி சட்டென்று இறங்கிவிடும். கை நடுங்கும், வியர்க்கும், பார்வை மங்கும். அதைவிட ஆபத்தானது, 'எனக்கு ஒன்றுமில்லை' என்று அவருக்கே தோன்றும் அளவுக்கு நிதானம் தவறிவிடுவது. பிரித்தானியாவில் இன்சுலின் எடுக்கும் சாரதிகளுக்குச் சொல்லப்படும் அறிவுரை எளிமையானது. ஓட்டுவதற்கு முந்திய இரண்டு மணித்தியாலத்துக்குள் சீனி பார்க்க வேண்டும். 90க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட வேண்டும். 70 அளவுக்கு இறங்கினால் ஓட்டவே கூடாது. சீனி மீண்டும் சரியான அளவுக்கு வந்த பிறகும் முக்கால் மணித்தியாலம் பொறுத்திருக்க வேண்டும்.

ரமழானில் அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரத்தை இந்த அறிவுரையோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள். எல்லோரும் இஃப்தாருக்கு வீடு போய்ச் சேர அவசரப்படும் நேரம் அது. இன்சுலின் எடுக்கும் ஒருவர் வைத்தியரிடம் கேட்காமல் நோன்பு பிடித்து, அந்த நேரத்தில் முச்சக்கர வண்டி நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்தால், அவர் ஆபத்துக்குள்ளாக்குவது தன்னை மட்டுமல்ல. நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையைப் பயன்படுத்துவது ஈமானின் குறைவல்ல. ஸஃபர் பணம் தந்து ஏறியவரின் உயிர் அவரிடம் உள்ள அமானிதம் என்பதை ஷஃபான் மாத குத்பாக்களில் சொல்லலாம்.

அப்படியானால் கடும் சட்டம் போட்டு, நோயை மறைப்பவரைத் தண்டித்தால் போதுமா? போதாது என்பதற்கு ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரம் சாட்சி. 2014 டிசம்பர் 22ஆம் திகதி அங்கே குப்பை அள்ளும் லொறியின் சாரதி ஓட்டிக்கொண்டிருக்கும்போதே மயங்கினார். நத்தார் கால சன நெருக்கடிக்குள் லொறி புகுந்ததில் ஆறு பேர் இறந்தார்கள். அவர் 2010இலும் பஸ் ஒன்றின் சாரதி ஆசனத்தில் மயங்கியிருந்தார். வேலையையும் அனுமதிப்பத்திரத்தையும் காப்பாற்றிக்கொள்ள அந்த உண்மையை அவர் மறைத்தது பிந்திய விசாரணையில் வெளிவந்தது. நோயை அறிவிக்காவிட்டால் தண்டப்பணம் விதிக்கும் சட்டம் உள்ள நாடு அது. அங்கேயே தொழில் போய்விடும் என்ற பயம் சட்டத்தை வென்றுவிட்டது.

நம் ஊரில் அந்தப் பயம் இன்னும் பெரிது. லீசிங்கில் எடுத்த ஆட்டோவுக்கு மாதக் கட்டணம், மூன்று பிள்ளைகளின் படிப்பு, வீட்டு வாடகை எல்லாம் அந்தச் சக்கரத்தில்தான் ஓடுகின்றன. அப்படிப்பட்டவர் வைத்தியரிடம் 'நேற்று எனக்கு மயக்கம் வந்தது' என்று ஏன் சொல்வார்? உண்மை சொன்னால் பட்டினி என்ற நிலை இருக்கும்வரை மருத்துவச் சான்றிதழ் வெறும் கடதாசிதான்.

எனவே செய்ய வேண்டியது இரண்டு பக்கத்தாலும் இருக்கிறது. அரசின் பக்கத்தில், தொழில்முறைச் சாரதிகளுக்கான பரிசோதனைகளுக்கு இடைப்பட்ட காலத்தைக் குறைக்க வேண்டும். கிளினிக்கில் நோயாளியின் தொழிலைக் கேட்டு எழுதுவது வழக்கமாக வேண்டும். பொது ஆபத்து தெளிவாக இருக்கும்போது வைத்தியர் அறிவிப்பதற்கு ஒழுங்கான வழியும், அப்படி அறிவிக்கும் வைத்தியருக்குச் சட்டப் பாதுகாப்பும் வேண்டும். அதே நேரம், அனுமதிப்பத்திரத்தை நிரந்தரமாகப் பறிப்பதற்குப் பதிலாக, குணமாகும்வரை நிறுத்தி வைத்துத் திருப்பித் தரும் ஏற்பாடு இருந்தால் மனிதர்கள் உண்மை பேசுவார்கள்.

சமூகத்தின் பக்கத்திலும் வேலை இருக்கிறது. நமது ஊர்களில் ஸகாத் நிதியிலிருந்து முச்சக்கர வண்டி வாங்கிக் கொடுப்பது வழக்கம். நல்ல காரியம். ஆனால் அதே மனிதரிடம் 'ஆறு மாதம் ஓட்டாதே' என்று வைத்தியர் சொன்னால் அந்த ஆறு மாதமும் அவர் வீட்டு அடுப்பு எப்படி எரியும் என்று யாரும் கேட்பதில்லை. வண்டி கொடுப்பது போலவே, அதை நிறுத்தி வைக்க வேண்டிய காலத்திலும் கைகொடுப்பதை பள்ளிவாசல் நிர்வாகங்களும் பைத்துஸ் ஸகாத் அமைப்புகளும் யோசிக்க வேண்டும்.

பெற்றோரிடமும் ஒரு வார்த்தை. பாடசாலை வேன் பிடிக்கும்போது மாதக் கட்டணம் எவ்வளவு, எத்தனை மணிக்கு வரும், ஆசனம் கிடைக்குமா என்று கேட்கிறோம். சாரதி கடைசியாக எப்போது கண் பரிசோதித்தார், சீனி பார்த்தார் என்று கேட்பதில்லை. ஆசிரியர் என்ற வகையில் சொல்கிறேன், தவணைக்கு ஒருமுறை பாடசாலையிலேயே வேன் சாரதிகளுக்கு ஒரு மருத்துவப் பரிசோதனை முகாம் நடத்துவது பெரிய செலவல்ல. அபிவிருத்திச் சங்கமும் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகமும் சேர்ந்தால் ஒரு காலைப் பொழுதில் முடியும். அவரை மாட்டிவிட நடத்தும் முகாமாக அது இருக்கக் கூடாது. 'உங்கள் உடம்பைப் பற்றி எங்களுக்கும் அக்கறை இருக்கிறது' என்று அவருக்குப் புரிந்தால், மறைக்க நினைத்ததையும் அவர் வாய் திறந்து சொல்வார்.