நெய்தலும் இரங்கலும்

கடல் கடந்து செல்லும் நம் பழைய மாணவர் வரையும் பிரயாணக் கட்டுரைகளில் அயற்கரையின் வனப்பு நிரம்ப உண்டு. வீட்டு நினைவு மட்டும் இல்லை. அதனை எழுதுதல் மனவுறுதிக்கு இழுக்கென்று கருதுகின்றனர் போலும். இக்கருத்துத் தமிழ் மரபுக்கு முற்றும் மாறானது என்போம்.

கடலும் கடல் சார்ந்த நிலமுமாகிய நெய்தலுக்கு நம் முன்னோர் வகுத்த உரிப்பொருள் இரங்கல். புன்னையும் தாழையும் மணக்கும் கானலைப் பிரிவுத் துயருக்கே உரியதாக்கினர். அழகு துயரை ஆற்றாது, கிளறும் என்பதை அறிந்தவர் அவர். மகளிரோடு கடற்பிரயாணம் செய்தல் வழக்கமன்று எனத் தொல்காப்பியம் கூறுதலின், சென்றவனும் தனியன், நின்றவளும் தனியள். எனினும் நெய்தற் பாட்டுக்களிற் பெரிதும் ஒலிப்பது கரையில் நிற்பவள் துயரே. சென்றவர் துயரைச் சென்றவரே எழுதல் வேண்டும். இன்று மகளிரும் செல்கின்றனர். அவர் கட்டுரைகளிலும் இதே மௌனந்தான்!

கொழும்பிலிருந்து காலி வழியாக மாத்தறைக்குச் செல்லும் புகைவண்டி நெடுந்தூரம் அலைகளை ஒட்டியே ஓடுகின்றது. அதில் அமர்ந்த கடலூரார் தேவனாம்பட்டினத்து மணலை நினையாதிருப்பரோ? சிதம்பரத்தார் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அவ்வூருக்குத் தில்லை என்னும் பெயரைத் தந்த மரம் இன்று பிச்சாவரத்துக் கழிகளில் நிற்கின்றது. அதன் பால் கண்ணுக்குக் கேடு என்பர். அம்மரமே இலங்கைக் கழிகளிலும் வளர்கின்றது. அங்கே அதனைக் கண்டு, பால் படாமலே ஒருவர் கண் கலங்கினால், அதனை முதலில் எழுதுக. அலைகளின் நிறத்தைப் பின்னர் எழுதலாம். இடம் போதாதெனின் விட்டும் விடலாம்.