சுட்டுப் பார்த்தலும் சுடக் கற்றலும்

பெண்களின் பாதுகாப்பு குறித்த பேச்சு எழும்போதெல்லாம், 'ஆளுக்கொரு துப்பாக்கி கொடுத்துவிட்டால் தீர்ந்தது' என்று முடித்துவைக்கும் அன்பர்கள் நம்மிடையே பெருகிவிட்டனர். அவர்களுள் பலர் நூல் பல கற்றவர்கள் என்பதுதான் நம்மை இதனை எழுதத் தூண்டிற்று. புதிதாக வாங்கிய கைத்துப்பாக்கியோடு ஒரு முற்பகலைச் சுடுதளத்தில் கழித்து, துளை விழுந்த இலக்கு அட்டையைக் கையிலேந்தி நிழற்படம் எடுத்துக்கொண்டு திரும்பினால் அச்சம் அகன்றுவிடும் என்பது அவர்தம் துணிபு. அத்துணிபு பொய் என்பது நம் கட்சி.

முதலில் அந்தத் துப்பாக்கியைப் பார்ப்போம். 2012 டிசம்பரில் தில்லிப் பேருந்தில் நிகழ்ந்த கொடுமைக்கு இரையான மாணவியைச் செய்தித்தாள்கள் 'நிர்பயா' என்றழைத்தன. அச்சமற்றவள் என்பது பொருள். 2014 ஜனவரியில் கான்பூரிலுள்ள அரசுத் தொழிற்சாலை 'நிர்பீக்' என்ற .32 ரிவால்வரைப் பெண்களுக்கென்றே அறிமுகம் செய்தது. இச்சொல்லும் அதே பொருளதே. டைட்டானியக் கலவையால் ஆனது. எடை ஏறத்தாழ 500 கிராம். விலை 1,22,360 ரூபாய். அதை வைத்துத் தந்ததோ நகைப்பெட்டி போன்றதொரு பேழையில்! இந்தியப் பெண்கள் நகைகளை விரும்புவர் என்பது அதற்குச் சொல்லப்பட்ட விளக்கம். இறந்துபோன ஒரு பெண்ணின் பெயரைப் பொருள் மாறாமல் எடுத்து, விலை அட்டையோடு வைத்து விற்ற இச்செயலைப் பற்றி அன்று நம் எழுத்தாளர்கள் பேசியது போதாது.

நிற்க. சுடுதளத்திற்கு வருவோம். ரிவால்வரைச் சுட வழிகள் இரண்டு. விசையை மட்டும் நீள இழுத்தால் உருளை சுழன்று, குதிரை எழுந்து, பின் விழும். இதற்கு விரலில் நல்ல வலு வேண்டும். குதிரையைக் கட்டைவிரலால் முன்னரே ஏற்றிவிட்டால் விசை எளிதாக நெகிழும். புதியவர் பெரும்பாலும் இரண்டாம் வழியையே நாடுவர். காதுக்குக் காப்பு அணிந்து, காலை அகற்றி ஊன்றி, இரு கையாலும் பிடித்து, மூச்சை அடக்கிச் சுடுவர். அட்டையும் அதுவரை காத்திருக்கும்.

அப்படிச் சுட்டும் தோட்டா நடுவில் படாது, கீழே படும். இதற்குக் காரணம் துப்பாக்கியன்று. வெடிக்கப்போகிறது என்று கை முன்னமே அறிந்து, உதைப்பை எதிர்த்து முனையைத் தாழ்த்திவிடுகிறது. இதனைச் சொன்னால் எவரும் ஒப்புக்கொள்வதில்லை. ஆகவே பயிற்றுநர்கள் பழையதோர் உத்தியைக் கையாள்வர். ஆறு அறைகளுள் ஒன்றிரண்டில் வெடித்துத் தீர்ந்த வெற்றுக் கூட்டை இட்டு, எந்த அறையில் உள்ளது என்று சொல்லாமல் கையில் கொடுப்பர். விசை அழுந்தும், 'டிக்' என்றதோர் ஒலி மட்டும் கேட்கும், வெடியே இல்லாதபோதும் குழல்முனை பொசுக்கெனக் கீழே சாயும். வாங்கியவர் தம் அச்சத்தைத் தம் கண்ணாலேயே காணும் கணம் அது. சுடுதளம் கற்பிக்கும் முதற்பாடமும், எந்த நிழற்படத்திலும் இடம்பெறாத பாடமும் இதுவே. பெண்களுக்காக எடை குறைத்தோம் என்றார்களே, அதன் விளைவும் இங்கேதான் தெரியும். ஒரே தோட்டாவைக் கனமான துப்பாக்கியிலும் இலேசானதிலும் இட்டுச் சுட்டால் இலேசானதே மிகுதியாக உதைக்கும். .32 தோட்டா மென்மையானதுதான், மறுக்கவில்லை. ஆயினும் பைக்கு நன்மையானது கைக்கும் நன்மையானது என்று கொள்வதற்கில்லை.

தேசிய மாணவர் படையின் மாணவியர் .22 துப்பாக்கியால் சுடப் பழகுவதை நாம் பலமுறை உடனிருந்து கண்டதுண்டு. தரையில் படுத்து, மணல்மூட்டை மீது கையூன்றிச் சுடுவர். நடுவில் பட்டதா என்று முதலில் எவரும் கேட்பதில்லை. குண்டுகள் ஓரிடத்தில் நெருங்கி விழுந்தனவா என்றே பார்ப்பர். ஒருமுறை நடுவில் படுவது தற்செயலாகவும் இருக்கலாம்; ஐந்தும் நெருங்கி விழுவது பயிற்சியாலேயே வரும். அப்பெண்கள் வீம்பு பேசி நாம் கேட்டதில்லை.

அந்தப் பயிற்சிக்கு நம் நாட்டில் உரிமம் பெற்றவர்க்கு வழி உண்டா? ஆண்டுக்கு எத்தனை தோட்டா, ஒரே சமயத்தில் எத்தனை வைத்திருக்கலாம் என்பதெல்லாம் உரிமத்திலேயே எழுதப்பட்டிருக்கும். சுடுதளங்களோ சில நகரங்களில் மட்டுமே உள்ளன. 2016 ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் பாதுகாப்புப் பயிற்சியை வலியுறுத்துகின்றன, நல்லதே. ஆனால் அது சாலை விதி கற்பதைப் போன்றது, வண்டியோட்டக் கற்பதன்று. ஆகவே நடப்பது என்ன? வாங்கிய புதிதில் சில தோட்டாக்களைச் சுட்டுப் பார்க்கின்றனர்; பிறகு அது பீரோவிற்குள் போய்விடுகிறது. அங்கே சோதிக்கப்பட்டது துப்பாக்கி, ஆள் சோதிக்கப்படவேயில்லை.

'பெண்ணால் இயலாது என்கிறீரா?' என்று சிலர் பாயக்கூடும். உத்தரப் பிரதேசத்தின் ஜோஹ்ரி கிராமத்துச் சந்திரோ தோமர் 1999 இல், அறுபத்தைந்து வயதைக் கடந்த பின், பேத்திக்குத் துணையாகச் சுடுதளம் சென்றவர். விளையாட்டாகக் கைத்துப்பாக்கியை எடுத்தவர் பின்னர்ப் பல பதக்கங்கள் வென்றார். வீட்டார்க்குத் தெரியாமல் தண்ணீர்ச் செம்பை நீட்டிய கையில் ஏந்தி நின்று தோளை உரமாக்கிக்கொண்டார் என்பர். 2021 இல் அவர் மறைந்தார். 2024 பாரிசில் இரண்டு வெண்கலம் வென்ற மனு பாக்கரையும் நாம் அறிவோம். இவர்களைக் காட்டி ரிவால்வர் விற்பது, கச்சேரி மேடையைக் காட்டி வீணை விற்பதை ஒக்கும்.

இன்னொரு சாரார் வரலாற்றை இழுப்பர். 1878 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தால் வெள்ளையர் நம்மை நிராயுதபாணிகளாக்கினர் என்பர். மெய்தான். லிட்டன் பிரபுவின் ஆட்சியில் அதே ஆண்டில்தான் தாய்மொழி இதழ்களின் வாயைக் கட்டிய சட்டமும் வந்தது. அந்தக் கட்டு அவிழ்ந்த மறுநாளே எவரும் கவிஞராகிவிடவில்லையே!

இனி, எதிரி யார் என்பதைக் கேட்க வேண்டும். வன்புணர்வு வழக்குகளில் அண்மை ஆண்டுகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றஞ்சாட்டப்பட்டவர் அப்பெண்ணுக்கு அறிமுகமானவரே என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் கூறுகின்றன. உறவினன், அண்டைவீட்டான், மணம் செய்வதாகச் சொன்னவன், மேலதிகாரி. சிற்றப்பன் வீட்டிற்குள் நுழையும்போது கைப்பையின் ஜிப்பைத் திறந்து வைத்துக்கொண்டா அமர்ந்திருப்பாள்? பாலியல் வன்முறையைத் தடுக்கத் தாக்கியவனின் உயிரைப் பறிக்கவும் பெண்ணுக்குச் சட்டம் இடந்தருகிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 38 ஆம் பிரிவு அதுவே. அவ்வுரிமை மாத ஊதியத்தைப் போலப் பன்மடங்கு விலைகொடுத்து ஓர் இரும்பை வாங்கியவளுக்கு மட்டும் உரியதன்று. வயலில் களை பறிப்பவளுக்கும் உரியது. அவளுக்கு இந்த அன்பர்கள் எதைத் தரப்போகிறார்கள்?

தில்லிக் கொடுமைக்குப் பின் அமைந்த நீதியரசர் வர்மா குழு 2013 ஜனவரியில் தந்த அறிக்கை, சட்டத் திருத்தத்தையும் காவல்துறைச் சீர்திருத்தத்தையும் பேசிற்று. ஓராண்டு கழித்து அரசுத் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது ரிவால்வர். 2021 இல் அத்தொழிற்சாலைகள் அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன; 2023 ஆகஸ்டில் அவற்றுள் ஒன்று 'பிரபல்' என்ற புதிய ரிவால்வரை வெளியிட்டது. அதன் குண்டு 50 மீட்டர் வரை செல்லும் என்பது விளம்பரத்தின் முதற்சிறப்பு. கை எட்டும் தொலைவில் நிற்கும் அந்த அறிமுகமானவனுக்கு இது எதற்கு என்பதை விளம்பரம் சொல்லவில்லை. ஆளுக்கொரு துப்பாக்கி கேட்கும் அன்பர்களேனும் சொல்லட்டும்.