லொட்ஸோ கரடியின் பக்கம் நின்று

சென்ற மாதம் கொழும்பில் எமது ஊரவரின் ஒன்றுகூடல் ஒன்று நடந்தது. காங்கேசன்துறைக் காணிகள் பற்றிப் பேச்சு எழுந்தபோது, வெளிநாட்டிலிருந்து வந்திருந்த அன்பர் ஒருவர் ஒலிவாங்கியை வாங்கினார். அவர் மேற்கோள் காட்டியது திருக்குறளை அல்ல. 'டொய் ஸ்டோரி 3' என்ற அனிமேஷன் படத்தை.

"அதிலை அந்தப் பெடியன் யூனிவர்சிற்றிக்குப் போகேக்கை தன்ரை விளையாட்டுச் சாமான் எல்லாத்தையும் ஒரு சின்னப் பிள்ளையிட்டைக் குடுத்திட்டுப் போறான். அதுதான் வளர்ச்சி. நாங்கள் முப்பது வருசத்துக்கு மேலாய்க் காணி, கிணறு எண்டு அழுதுகொண்டிருக்கிறம்" என்றார்.

கைதட்டினார்கள். நான் தட்டவில்லை, எழுந்து மறுக்கவும் இல்லை. சபை நாகரிகம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தக் கடனை இங்கே தீர்க்கிறேன்.

படம் மோசமான படமல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2010 ஜூனில் வெளிவந்து ஒஸ்கார் விருதும் பெற்ற படம் அது. எரியுலையை நோக்கிச் சரியும் பொம்மைகள், இனித் தப்ப வழியில்லை என்று உணர்ந்ததும் கூச்சலை நிறுத்தி ஒன்றன் கையை ஒன்று பற்றிக்கொள்ளும் அந்தச் சில கணங்களைச் 'சிறுபிள்ளைப் படம்' என்று ஒதுக்குபவர்களோடு எனக்குப் பேச்சில்லை. அந்த நாளில் நானும் பத்திரிகையில் அதைப் புகழ்ந்து எழுதியவன்தான். 'ஒவ்வொரு மனிதனின் கதை' என்றே எழுதினேன். ஊரவர் கூட்டத்தில் கேட்டது, ஒரு வகையில் என் சொந்த வசனத்தின் எதிரொலிதான். கோபம் அதனால் இரட்டிப்பு.

படத்தில் அன்டிக்கு வயது பதினேழு. கொண்டுபோவதைப் பெட்டியில் வை, காக்க வேண்டியதைப் பரணில் போடு, வேண்டாததைக் குப்பையில் போடு என்கிறாள் தாய். பையன் தயங்குகிறான். தயங்குவதற்கு அவனுக்கு நாட்கள் இருக்கின்றன. அறை தங்கைக்குப் போகப் போகிறதே தவிர, வீடு எங்கும் போகப்போவதில்லை.

1990 ஜூனில் எனக்கும் வயது பதினேழு. ஷெல் சத்தம் நெருங்கிவந்த ஒரு காலையில் அம்மா காணி உறுதியையும் நகையையும் அரை மூட்டை அரிசியையும் எடுத்தார். அப்பா சைக்கிளை எடுத்தார். "ஒரு கிழமையிலை திரும்பியிடலாம்" என்றார். சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் அவர். அது நின்றுபோகும் என்றே நம்பாதவர். என் கட்டிலின் கீழ் ஒரு பிஸ்கட் ரின் இருந்தது. போளைகள், பட்டத்துக்குக் கட்டும் விண், தீப்பெட்டிகளை ஒட்டிச் செய்த ஒரு யாழ்தேவி. எடுப்பதற்குக் குனிந்தேன். பிறகு, பதினேழு வயதுக்காரன் போளை ரின்னோடு ஒழுங்கையில் நடந்தால் ஊர் சிரிக்கும் என்று வெட்கப்பட்டு, காலால் உள்ளே தள்ளிவிட்டு வந்தேன்.

அன்பர் சொல்லும் 'வளர்ச்சி' அந்த உதையில் இருந்ததா?

ஆண்டுகளைப் பொருத்திப் பார்ப்பது பத்திரிகைக்காரனின் வியாதி. வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து வெளியேறியது 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி. வலிகாமத்தின் தெற்கே ஒதுங்கியிருந்த எங்களுக்கு அது இரண்டாம் இடப்பெயர்வு. 'டொய் ஸ்டோரி'யின் முதற்பாகம் அமெரிக்கத் திரைக்கு வந்தது அதன்பின் மூன்றே கிழமைகளில், நவம்பர் 22இல். விளையாட்டுப் பொம்மைகளுக்குக் கைவிடப்படும் பயம் உண்டு என்று உலகம் முதன்முதலாக அறிந்துகொண்ட அன்று, நாங்கள் தென்மராட்சியில் ஒரு பாடசாலை வகுப்பறையைப் பத்துக் குடும்பங்களோடு பங்கிட்டுக்கொண்டிருந்தோம். மூன்றாம் பாகம் வந்தபோது ஊரை விட்டு இருபது ஆண்டுகள். போர் முடிந்திருந்தது, உயர்பாதுகாப்பு வலயம் முடியவில்லை.

இனி, அன்பர் மறந்துவிட்ட பாத்திரத்துக்கு வருகிறேன். படத்தில் லொட்ஸோ என்றொரு கரடிப் பொம்மை இருக்கிறது. டெய்சி என்ற குழந்தையின் செல்லப் பொம்மை. ஒரு பயணத்தில் வழியோரத்தில் விடுபட்டுப்போகிறது. விடுபட்ட மற்ற இரு பொம்மைகளோடு நடந்து நடந்து வீடு வந்து சேர்ந்து, யன்னலால் எட்டிப் பார்க்கிறது. உள்ளே டெய்சியின் மடியில் அச்சொட்டாக அதேபோன்ற வேறொரு கரடி.

காங்கேசன்துறைக்காரன் ஒருவனுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. போருக்குப் பின் எம் கடற்கரையில் படையினர் நடத்தும் உல்லாச விடுதியில் தெற்கிலிருந்து வந்தவர்கள் அறை எடுத்துக் குளித்தார்கள். சிலமைல் தள்ளி நலன்புரி முகாமில் இருந்த காணிக்காரர்கள் முட்கம்பிக்கு இப்பால் நின்றார்கள். 2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அறிவித்தல் வந்தது. உரிமையாளர்கள் நீதிமன்றம் போனார்கள். ஊரைக் கொடுத்தது யார், எவரிடம்? அன்டி தன் கையால் கொடுக்கிறான். வாங்கப்போகும் குழந்தையின் வீட்டுக்கே போய், ஒவ்வொரு பொம்மையின் பெயரையும் குணத்தையும் சொல்லி, கடைசியாக ஒருமுறை கூடியிருந்து விளையாடிவிட்டுக் காரில் ஏறுகிறான். கொடுத்தல் என்பது அது. பிடுங்கப்பட்டவனைப் பார்த்து 'கொடுக்கப் பழகு' என்பதற்குத் தமிழில் வேறு பெயர் உண்டு. ஊரவர் என்பதால் எழுதாமல் விடுகிறேன்.

லொட்ஸோவை நல்லவன் என்று வாதாட வரவில்லை. தான் பட்ட காயத்தைச் சாட்டி மற்றப் பொம்மைகளைச் சிறைப்படுத்துகிறது அது. அத்தகையவர்களைத் திரைக்கு வெளியிலும் நாம் கண்டிருக்கிறோம். ஆனால் அந்த யன்னல் காட்சியைக் காட்டிய படம், பிறகு அதைப்பற்றி ஒரு கேள்வியும் கேட்பதில்லை. கடைசியில் லொட்ஸோவைக் குப்பை லொறியின் முகப்பில் கட்டிவிடுகிறார்கள். அரங்கம் சிரிக்கிறது. 2010இல் நானும் சிரித்தேன். மறக்க மாட்டாதவனுக்கு அதுதான் இடம் என்ற தீர்ப்பு அந்தச் சிரிப்புக்குள் இருந்ததை அப்போது கவனிக்கவில்லை. ஒன்றுகூடலில்தான் அது காதில் விழுந்தது.

அன்பர் எண்பதுகளின் நடுவில் புறப்பட்டவர். கோயிலுக்குப் போய், சொந்தம் பந்தம் எல்லாரிடமும் சொல்லி, வீட்டைத் தமக்கையின் பெயருக்கு எழுதிவிட்டு ரயிலேறினார். அவருடைய ஸ்டேஷனில் அப்போது யாழ்தேவி நின்றது. அவர் அன்டிதான், ஐயமில்லை. படம் அவருக்குச் சரியாகவே பொருந்துகிறது. தம் சட்டையை எடுத்து ஊர் முழுவதற்கும் அளவு பார்ப்பதுதான் பிழை.

ரயில் மறுபடி காங்கேசன்துறை வரை போனது 2015 ஜனவரியில். 2016இல் ஒரு தொகுதிக் காணிகள் விடுவிக்கப்பட்டபோது எங்கள் துண்டும் அதில் இருந்தது. அப்பா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். அம்மா காத்துவைத்த உறுதியோடு போனேன். அதில் எழுதியிருந்த வேலியும் ஒழுங்கையும் நிலத்தில் இல்லை. நில அளவையாளர் வந்து கல் நட்ட பிறகே எமது அறை எங்கே இருந்தது என்று தெரிந்தது. அந்த இடத்தில் பற்றை மண்டியிருந்தது. கட்டிலின் கீழ் என்று மனக்கணக்குப் போட்டு, வெட்கமில்லாமல் ஐம்பது ரூபாய்க் கத்தியால் சிறிது கிளறியும் பார்த்தேன். ஓட்டுத் துண்டுகள் வந்தன. வலிகாமம் வடக்கில் அந்தக் கிளறலுக்குக்கூட வழியில்லாமல், காணி இன்னும் விடுவிக்கப்படாதவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

'ஒவ்வொரு மனிதனின் கதை' என்று நான் எழுதியதை 'திரும்பிப் போக வீடுள்ள மனிதனின் கதை' எனத் திருத்தி வாசிக்குமாறு அக்காலத்து வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த ஒன்றுகூடல் தைப்பொங்கலை ஒட்டி என்கிறார்கள். பேசுவதற்குப் பெயர் கொடுத்திருக்கிறேன்.