பேயைத் தேடுங்கள், ஆனால் அறிவியல் முறையில் தேடுங்கள்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம் மாணவர்களின் திறன்பேசிகளில் ஒருவகைக் காணொளி வலம் வரத் தொடங்கிவிடும். நள்ளிரவு, கைவிடப்பட்ட ஒரு பங்களா, கையில் டார்ச் லைட், நடுங்கும் குரல். "கேட்டுச்சா? அது என்ன சத்தம்?" என்று ஒருவர் கிசுகிசுப்பார். சிறிது நேரத்தில் எல்லாரும் அலறியடித்துக்கொண்டு வெளியே ஓடுவார்கள். பள்ளி திறந்ததும் அறிவியல் ஆசிரியரிடம் கேள்வி வரும்: "டீச்சர், பேய் இருக்கா, இல்லையா?"

"அதெல்லாம் ஒன்றுமில்லை, பாடத்தைப் படி" என்று சொல்லிக் கேள்வியை அடக்கிவிடுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இருட்டுக்குள் என்ன இருக்கிறது என்று போய்ப் பார்க்க நினைக்கும் ஆர்வம் நல்ல ஆர்வம்; அறிவியலே அங்கிருந்துதான் தொடங்குகிறது. என் குறை வேறு. பேய் வேட்டைக்குப் போகிறவர்கள் அறிவியல் கருவிகளைக் கையில் எடுத்துக்கொண்டு, அறிவியல் முறையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறார்கள். அதைவிட வருத்தமான ஒன்றும் உண்டு. அவர்கள் தேடிப்போகும் இடங்களில் உண்மையாக நடந்ததைப் பேய்க்கதை மூடி மறைத்துவிடுகிறது.

கருவி எதை அளக்கிறது?

பேய் வேட்டைக்காரர்கள் அதிகம் நம்புவது மின்காந்தப் புலத்தை அளக்கும் சிறு மானியை. விளக்குகள் பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறினால் "ஆவி வந்துவிட்டது" என்பார்கள். அந்த மானி பொய் சொல்வதில்லை. அது மின்காந்தப் புலத்தைத்தான் அளக்கிறது. சுவருக்குள் ஓடும் மின்கம்பி, சட்டைப்பையில் உள்ள திறன்பேசி, நண்பரின் வாக்கி டாக்கி, படம் பிடிக்கும் கேமரா ஆகிய எல்லாவற்றைச் சுற்றியும் அந்தப் புலம் உண்டு. மலிவான மானிகள் ஒரு திசையில் உள்ள புலத்தை மட்டுமே உணர்வதால், கையைச் சற்றுத் திருப்பினாலே அளவு மாறும். விளக்கு எரிந்தது என்பது உற்றறிதல். ஆவி வந்தது என்பது ஊகித்தல். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நீங்கள் தமிழ்ப்பள்ளியிலேயே படித்துவிட்டீர்கள்.

படங்களில் தெரியும் வெள்ளை உருண்டைகளும் அப்படித்தான். கேமராவின் ஃபிளாஷ் வில்லைக்கு மிக அருகில் இருக்கிறது. முன்னால் மிதக்கும் தூசியிலோ மழைத்துளியிலோ அந்த ஒளி பட்டு நேராகத் திரும்புகிறது. தூசி குவியத்திற்கு வெளியே இருப்பதால் பெரிய மங்கலான வட்டமாகப் பதிவாகிறது. பழைய கட்டடத்தில் பத்துப் பேர் நடந்தால் தூசிக்குப் பஞ்சமா?

இன்னொரு கருவி வானொலி அலைவரிசைகளை மிக வேகமாக மாற்றிக்கொண்டே போகும். அரை நொடி பாட்டு, கால் நொடி செய்தி, ஒரு துண்டு விளம்பரம் என்று ஒலித்துண்டுகள் விழும். நம் மூளை ஒழுங்கற்ற ஒலியிலும் பழகிய சொல்லைத் தேடும் இயல்பு உடையது. மேகத்தில் முகம் தெரிவதும் இதே இயல்பால்தான். "போ" என்ற ஓர் அசை விழுந்தால் போதும், "ஆவி நம்மைப் போகச் சொல்கிறது" என்று முடிவு கட்டிவிடுவோம்.

காற்றாடி எழுப்பிய உருவம்

சரி, சிலர் உண்மையாகவே விசித்திரமாக உணர்கிறார்களே, அவர்கள் எல்லாரும் பொய்யர்களா? இல்லை. இங்கேதான் அறிவியல் சுவையாகிறது.

இங்கிலாந்தைச் சேர்ந்த விக் டேண்டி என்ற பொறியியலாளர் தாம் வேலை செய்த ஆய்வுக்கூடத்தில் ஒருநாள் இரவு காரணமின்றி அச்சத்தை உணர்ந்தார். உடல் வியர்த்தது. கண்ணின் ஓரத்தில் சாம்பல் நிற உருவம் ஒன்று தெரிந்தது. திரும்பிப் பார்த்ததும் மறைந்தது. மறுநாள் அவர் வாள்வீச்சு விளையாட்டுக்கான வாள் ஒன்றைப் பழுதுபார்ப்பதற்காகப் பிடிகருவியில் பொருத்தினார். யாரும் தொடாமலே வாளின் நுனி அதிர்ந்தது. பயந்தவர் ஓடிப்போயிருப்பார். அவர் அதிர்வு எங்கிருந்து வருகிறது என்று தேடினார். புதிதாகப் பொருத்திய காற்றுப்போக்கி மின்விசிறிதான் காரணம். அது ஏறத்தாழ 19 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஒலியை எழுப்பிக்கொண்டிருந்தது. மனிதக் காது பொதுவாக 20 ஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ள ஒலியைக் கேட்பதில்லை.

இயற்பியல் படிக்கும் மாணவர்கள் கணக்கிட்டுப் பாருங்கள். அலைநீளம் என்பது வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் கிடைப்பது. காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர். அதை 19ஆல் வகுத்தால் 18 மீட்டர். அதில் பாதி 9 மீட்டர். டேண்டியின் அறை ஏறத்தாழ 30 அடி, அதாவது 9 மீட்டர் நீளம். அறைக்குள் நிலையலை உருவாகக் கச்சிதமான நீளம்! மின்விசிறியின் பொருத்தத்தை மாற்றியதும் அதிர்வு நின்றது. 1998ஆம் ஆண்டு டோனி லாரன்ஸ் என்பவருடன் சேர்ந்து இதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்.

பல காணொளிகள் இக்கதையை இங்கேயே நிறுத்திவிட்டு, "பேய்க்குக் காரணம் தாழ்வொலி" என்று முடித்துவிடும். அறிவியல் அங்கே நிற்கவில்லை. ஒருவரின் ஓர் அனுபவம் நிரூபணம் ஆகாது. எனவே லண்டனில் ஆய்வாளர்கள் தாழ்வொலியையும் மின்காந்தப் புலத்தையும் விருப்பம்போல் இயக்கி நிறுத்தக்கூடிய ஓர் அறையை அமைத்தார்கள். 79 பேர் ஒருவர்பின் ஒருவராக 50 நிமிடம் அதில் இருந்தார்கள். ஏதேனும் விசித்திர உணர்வு ஏற்படலாம் என்று முன்கூட்டியே அவர்களிடம் சொல்லப்பட்டிருந்தது. பலர் தலைசுற்றல், யாரோ உடன் இருப்பது போன்ற உணர்வு என்று எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் 2009இல் வெளியான முடிவு என்ன தெரியுமா? தாழ்வொலியோ புலமோ இயங்கியதற்கும் அவர்கள் உணர்ந்ததற்கும் தொடர்பே தென்படவில்லை. எதிர்பார்ப்பே அந்த உணர்வுகளை எழுப்பியிருக்கலாம் என்பதுதான் எளிய விளக்கம்.

இதை இன்னும் நேராகச் சோதித்த ஆய்வு ஒன்று 1997இல் வெளிவந்தது. ஒரே நாடக அரங்கம், இரண்டு குழுக்கள். ஒரு குழுவிடம் இங்கே பேய் நடமாட்டம் உண்டு என்றும், மற்றக் குழுவிடம் இங்கே சீரமைப்பு வேலை நடக்கிறது என்றும் சொன்னார்கள். பேய் என்று கேள்விப்பட்டவர்களே அதிகமான விசித்திர உணர்வுகளைப் பதிவு செய்தார்கள். கட்டடம் கட்டுப்படுத்தப்பட்ட மாறி. காதில் விழுந்த செய்தி தற்சார்பு மாறி. உணர்வுகளின் எண்ணிக்கை சார்பு மாறி. கைவிடப்பட்ட பங்களாவுக்குப் போகும் நம் நண்பர்களிடம் இந்த இரண்டாவது குழு எப்போதும் இருப்பதில்லை. பேய் இருக்கும் என்று நம்பிப் போகிறவர்கள் மட்டுமே போகிறார்கள். ஒப்பிட ஆளில்லாத இடத்தில் சோதனையும் இல்லை.

கெல்லி மாளிகையில் யார் கதை?

இனி நம் ஊருக்கு வருவோம். பேராவில் பத்து காஜா அருகே உள்ள கெல்லி மாளிகை நாட்டின் பெயர் பெற்ற 'பேய்' இடங்களுள் ஒன்று. ஸ்காட்லாந்திலிருந்து வந்த தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித் கட்டத் தொடங்கிய மாளிகை அது. 1926இல் அவர் லிஸ்பனில் நிமோனியாவால் இறந்ததும் வேலை பாதியில் நின்றது. அவருடைய ஆவி மாடியில் உலவுகிறது என்பார்கள்.

அந்த மாளிகையின் செங்கற்களை அடுக்கியவர்களில் பலர் சென்னை மாகாணத்திலிருந்து வந்த நம் முன்னோர்கள். உலகையே உலுக்கிய ஸ்பானிய ஃபுளூ காய்ச்சல் அவர்களிடையேயும் பரவிப் பலரைக் கொன்றது. எஞ்சியவர்கள் தங்களுக்கு ஒரு மாரியம்மன் கோயில் வேண்டும் என்று கேட்டார்கள்; கோயில் எழுந்தது. இன்றும் மாளிகைக்கு அருகே அது இருக்கிறது. அதன் மேற்கூரைச் சிலைகளுக்கு நடுவே தொப்பி அணிந்த வெள்ளைக்காரர் உருவமும் உண்டு. அது கெல்லி ஸ்மித் என்று சொல்லப்படுகிறது.

ஃபுளூ காய்ச்சலுக்குக் காரணமான வைரஸை மனிதர்களிடமிருந்து முதன்முதலில் பிரித்தெடுத்தது 1933இல்தான். அதாவது, தங்கள் உறவுகளைக் கொன்றது எது என்று அத்தொழிலாளர்களுக்கு மட்டுமல்ல, அன்றைய மருத்துவர்களுக்கும் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று ஆட்களைக் கொண்டுபோகிறது, அதைப் பிடிக்க யாரிடமும் கருவி இல்லை. இதைவிட நடுங்க வைக்கும் கதை வேண்டுமா? ஆனால் அங்கே போய்வரும் மாணவர்களைக் கேட்டால் மாடியில் உலவும் முதலாளியின் ஆவியைத்தான் சொல்கிறார்கள். மாண்ட தொழிலாளர்களைச் சொல்வதில்லை. பேய்க்கதையிலும் முதலாளிக்கே முதலிடம்!

உலு கிளாங்கில் பயப்பட வேண்டியது எது?

ஹைலண்ட் டவர்ஸ் கதை இன்னும் அருகில் நடந்தது. 1993 டிசம்பர் 11ஆம் நாள், தொடர் மழைக்குப் பிறகு, பின்னால் இருந்த மலைச்சரிவு சரிந்து அங்கிருந்த மூன்று அடுக்குமாடிக் கட்டடங்களில் ஒன்று வீழ்ந்தது. 48 பேர் மாண்டார்கள். எஞ்சிய இரு கட்டடங்கள் பல ஆண்டுகள் ஆளின்றி நின்றன. பேய் வேட்டைக்காரர்கள் இரவில் அங்கே ஏறத் தொடங்கினார்கள்.

அன்று கட்டடத்தைச் சாய்த்தது நீர். மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது மண் துகள்களுக்கு இடையே உள்ள வெளிகளை நிரப்புகிறது. நீரின் அழுத்தம் ஏற ஏறத் துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் வலிமை குறைகிறது. சரிவில் மரங்கள் வெட்டப்பட்டு, வடிகால் போதாமல், தடுப்புச்சுவரும் வலுவில்லாமல் இருந்தால் மலை நகர்கிறது. அதே வட்டாரத்தில் 2002இலும் 2008இலும் மீண்டும் நிலச்சரிவுகள் நிகழ்ந்து உயிர்களைப் பறித்தன. 2022 டிசம்பரில் பத்தாங் காலியில் கூடாரமிட்டுத் தங்கியிருந்த 31 பேர் நிலச்சரிவில் மாண்டார்கள்.

ஹைலண்ட் டவர்ஸைப் 'பேய்க் கட்டடம்' என்று மட்டும் தெரிந்துகொண்ட மாணவருக்கு அதிலிருந்து கிடைப்பது அரை மணி நேரச் சிலிர்ப்பு. அங்கே வடிகால் ஏன் போதவில்லை என்று கேட்கத் தெரிந்த மாணவர் தம் வீட்டுக்குப் பின்னால் உள்ள சரிவில் விரிசல் தெரிந்தால் பெற்றோரை எழுப்புவார். எனக்கு இரண்டாமவர்தாம் வேண்டும். அங்கே உறவுகளை இழந்த குடும்பங்கள் இன்றும் நம்மிடையே வாழ்கின்றன என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஒருவரின் தாயோ தங்கையோ மாண்ட இடத்தில் நின்று, "யாராவது இருக்கீங்களா?" என்று கேமராவுக்காகக் கத்துவது பண்பாடல்ல.

பாழடைந்த கட்டடங்களில் வேறு ஆபத்துகளும் உண்டு. உளுத்த மாடிப்படி, கைப்பிடிச் சுவர் இல்லாத மாடி, துருப்பிடித்த கம்பி, பாம்பு. எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய நீரால் லெப்டோஸ்பைரோசிஸ் வரலாம். வௌவால் எச்சம் மண்டிய அறையில் தூசியைக் கிளப்பிச் சுவாசித்தால் நுரையீரலில் பூஞ்சைத் தொற்று வரலாம். அனுமதியின்றிப் பிறர் இடத்தில் நுழைந்தால் காவல்துறை வரைக்கும் போக நேரிடலாம்.

அப்படியென்றால் என்ன செய்யலாம்?

கெல்லி மாளிகைக்குக் குடும்பத்தோடு பகலில் டிக்கெட் எடுத்துப் போங்கள். மாரியம்மன் கோயிலையும் பார்த்துவிட்டு வாருங்கள். உங்கள் பள்ளி அறிவியல் கழகத்தில், ஆசிரியரின் அனுமதியோடு, பேய் வேட்டையையே ஓர் ஆய்வாகச் செய்யுங்கள். ஒரு பழைய வகுப்பறை, இரண்டு குழுக்கள். ஒரு குழுவிடம் அங்கே அவ்வப்போது விசித்திரமான சத்தம் கேட்பதாகச் சொல்லுங்கள்; மற்றக் குழுவிடம் அறையின் வெப்பநிலையை அளக்கச் சொல்லுங்கள். இரு குழுக்களும் ஒரே நேர அளவு அங்கே இருந்து, உணர்ந்ததை எழுதட்டும். முடிந்ததும் எல்லாரிடமும் உண்மையைச் சொல்லிவிடுங்கள். எண்ணிக்கையை அட்டவணையில் இட்டு, உங்கள் கருதுகோள் சரியா என்று பாருங்கள்.

இதில் பேய் கிடைக்காமல் போகலாம். அச்சம் எப்படி ஒருவர் காதிலிருந்து இன்னொருவர் கண்ணுக்குப் போகிறது என்பது கிடைக்கும். புலனத்தில் வரும் ஒவ்வொரு வதந்தியும் அதே வழியில்தான் பயணம் செய்கிறது. அதைக் கையும் களவுமாகப் பிடித்த மாணவரை, நாளை எந்தக் காணொளியும் அவ்வளவு எளிதில் ஓடவிட முடியாது.