த்ரெட் போன பிறகு பெருக்குவது யார்?

கடையநல்லூர்ப் பிள்ளைகள் மென்பொருள் எழுதுவது இப்போது புதுமையில்லை. சென்னை, பெங்களூரு, சிங்கப்பூர் என்று போனவர்கள் போக, தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் 2011-இல் ஸோஹோ அலுவலகம் வந்த பிறகு, ஊர்ப்பக்கம் இருந்தபடியே அந்த வேலை பார்ப்பதும் சாத்தியமாகிவிட்டது. ஆகவே சர்வருக்குள் நடக்கும் ஒரு துப்புரவுப் பிரச்சினையை இங்கே பொது விஷயமாகவே பேசலாம்.

ஒரு புரோகிராமுக்குள் பல த்ரெட்டுகள் ஒரே நேரத்தில் ஓடும். மெமரி எல்லாவற்றுக்கும் பொது. ஆனாலும் ஒவ்வொரு த்ரெட்டும் தனக்கென்று கொஞ்சம் இடம் வைத்துக்கொள்ளலாம். அதுதான் த்ரெட் லோக்கல் ஸ்டோரேஜ். சிக்கல் த்ரெட் முடிகிறபோதுதான். அந்தத் தனி இடத்தில் பெரும்பாலும் இருப்பது ஒரு பாயின்டர் மட்டுமே. த்ரெட்டோடு பாயின்டர் போய்விடும். அது காட்டிய மெமரி அப்படியே கிடக்கும். ஒரு த்ரெட் 64 கேபி விட்டுவிட்டுப் போகிறது, நொடிக்கு ஒரு த்ரெட் முடிகிறது என்று வையுங்கள். ஒரே நாளில் 5 ஜிபிக்கு மேல் குப்பை. சர்வர் படுத்த பிறகு, லைப்ரரி எழுதியவர் அப்ளிகேஷன்காரரைக் காட்டுவார். அவர் ஆபரேட்டிங் சிஸ்டத்தைக் காட்டுவார். வாடகை வீட்டைக் குப்பையோடு காலி செய்த பிறகு, வீட்டுக்காரரும் புரோக்கரும் குடியிருந்தவரும் ஒருவரையொருவர் கைகாட்டுகிற கதைதான்.

இதற்கு விதியே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1995-இல் வந்த போசிக்ஸ் த்ரெட் தரநிலையில், அந்தத் தனி இடத்துக்கு அடையாளமாக ஒரு கீயை உருவாக்கும்போதே அதற்கு ஒரு டிஸ்ட்ரக்டரையும், அதாவது துப்புரவு செய்யும் ஃபங்ஷனையும், கொடுத்துவைக்கலாம். த்ரெட் முடியும்போது, மதிப்பு வெறுமையாக (null) இல்லாத ஒவ்வொரு கீக்கும் அந்த ஃபங்ஷன் ஓடும். ஆனால் எது முதலில் ஓடும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. ஒரு டிஸ்ட்ரக்டர் இன்னொரு கீயில் புதிதாக எதையாவது வைத்துவிட்டால், சிஸ்டம் குறைந்தது நான்கு சுற்று திரும்பத் திரும்ப முயலும். அதற்குப் பிறகும் மிச்சமிருந்தால் விட்டுவிடலாம். கீயை டிலீட் செய்தால் டிஸ்ட்ரக்டர் ஓடாது என்பது பலர் கவனிக்காமல் தாண்டிப்போகிற வரி. விண்டோஸின் பழைய டிஎல்எஸ் அலாக் என்ற ஃபங்ஷனில் டிஸ்ட்ரக்டர் கொடுக்கவே இடமில்லை.

இதைவிடத் தொல்லை பிடித்தது, த்ரெட் சாகாமலே இருப்பது. இன்றைய சர்வர்கள் த்ரெட்டுகளைப் பூலில் வைத்து மறுபடி மறுபடி பயன்படுத்துகின்றன. வேலை முடிந்தாலும் த்ரெட் முடியவில்லை. எனவே எந்தத் துப்புரவும் தானாக நடக்காது. ஜாவாவில் த்ரெட்லோக்கலில் ஒரு பயனரின் விவரத்தை வைத்துவிட்டு ரிமூவ் செய்ய மறந்தால், அதே த்ரெட்டில் வருகிற அடுத்தவருக்கு அது தெரிந்துவிடக்கூடும். மெமரி போனால் ரீஸ்டார்ட் செய்துகொள்ளலாம். ஒருவருடைய வங்கி விவரம் இன்னொருவர் திரையில் வந்தால் என்ன செய்வது? ஜாவா அப்ளிகேஷன்களை ஓட்டும் டாம்கேட் சர்வர், தான் எழுதாத அப்ளிகேஷன்கள் விட்டுப்போன இந்த மிச்சங்களைத் தானே தேடி எச்சரிக்கிறது. எச்சரிக்கை நல்லதுதான், அதுவே பெருக்கிவிடும் என்று மற்றவர்கள் உட்கார்ந்துவிடுவதுதான் ஆபத்து.

இதில் ஒருவர் தலையில் மட்டும் பழியைப் போடுவதில் நமக்கு உடன்பாடில்லை. மெமரி வாங்குகிறவர், அதைத் திருப்பித் தரும் வரியையும் அதே கையோடு எழுத வேண்டும். லைப்ரரி தருகிறவர், தன் டிஸ்ட்ரக்டர் நிலுவையில் இருக்கும்போது லைப்ரரியை அன்லோட் செய்தால் என்ன ஆகும் என்று ஆவணத்தில் சொல்ல வேண்டும். பூல் நடத்துகிறவர், வேலைக்கும் வேலைக்கும் நடுவே இடத்தைத் துடைக்க வேண்டும். கல்லூரி லேபில் த்ரெட்டைத் தொடங்கக் கற்பிக்கிறோம். அது முடிவதைக் கற்பிக்க ஒரு வகுப்பு ஒதுக்குவதில் என்ன கஷ்டம்?

பெரிய கருவிகள்கூட வேண்டாம். லினக்ஸில் பத்தாயிரம் த்ரெட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பிறந்து முடியவிட்டு, ப்ராக் கோப்பில், புரோகிராம் பிடித்திருக்கும் மெமரியைக் காட்டும் விஎம்ஆர்எஸ்எஸ் என்ற வரியை முன்னும் பின்னும் பாருங்கள். எண் ஏறிக்கொண்டே போனால், ரிலீஸைத் தள்ளிவைத்துவிட்டு அந்த மூன்று பேரையும் ஒரே மேஜைக்குக் கூப்பிடுங்கள்.