அம்பாசடரும் ஆட்டாவும்

2022 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வித்யாசாகர் சேதுவின் உச்சியில் போய்க்கொண்டிருந்தபோது என் மனைவியின் தலையில் கூரை விழுந்தது. பாலத்துக்கு ஏது கூரை? விழுந்தது என் 1971 அம்பாசடர் மார்க் 2-வின் உள்கூரைத் துணி. "உங்க சின்ன வீடு எனக்கு முக்காடு போட்டுடுச்சு" என்றாள். கல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்த ஆறாவது மாதம் அந்த வண்டியை வாங்கியதிலிருந்து அதற்கு அவள் வைத்திருக்கும் பெயர் அது.

பசை மட்டம் என்றுதான் நானும் நினைத்தேன். வீட்டுக்கு வந்து விரலால் தடவிப் பார்த்தால் பசை இரும்புக் கூரையை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது! உதிர்ந்தது துணியின் முதுகில் இருந்த ஃபோம். சூட்டிலும் ஈரத்திலும் பழைய ஃபோம் ரவை மாதிரி பொடிந்துவிடும். உலகத்திலேயே உசத்தியான பசையைப் போட்டாலும் அது ரவையைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும்.

உண்மையில் அந்த வண்டியின் கூரைத்துணி ஒட்டுகிற சாமானே இல்லை. குறுக்குக் கம்பிகளில் தைத்துத் தொங்கவிட்டு, ஓரத்தை மட்டும் ஒட்டுவார்கள். எனக்கு முன்னால் வைத்திருந்தவர் காலத்தில் யாரோ ஒரு புண்ணியவான் கம்பிகளை உருவிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, மொத்தமாக ஒட்டி வேலையை அரை நாளில் முடித்திருக்கிறார். உத்தர்பாராவில் அம்பாசடர் தயாரிப்பு 2014-லேயே நின்றுவிட்டது. கம்பிக்காக மல்லிக் பஜாரில் நான் நாலு சனிக்கிழமை அலைந்தேன்.

அதனால் என் கட்சி இதுதான்: பழைய வண்டிக்குப் பசை வாங்கும்போது "எது ஸ்ட்ராங்?" என்பது கடைசிக் கேள்வி. இங்கே ஒட்டத்தான் வேண்டுமா, எதன்மேல் எதை ஒட்டுகிறோம், நாளைக்கு இன்னொருவன் பிரிக்க முடியுமா, இதெல்லாம் முதலில். ஐம்பது வயதைத் தாண்டிய வண்டியை 2021 விதிகள் விண்டேஜ் என்கின்றன. சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்யக்கூடாது என்கின்றன. பசை பற்றிப் பேச்சில்லை. அது நம் மனசாட்சி.

கதவுப் பலகைக்கு நானே ஒரு பரீட்சை வைத்தேன். (வங்கிக்காரன், ஜாமீன் பார்க்காமல் கடன் கொடுக்க மாட்டான்.) ஹார்ட்போர்டு துண்டுகளில் ரெக்ஸினை மூன்று விதமாக ஒட்டி மொட்டை மாடியில் போட்டேன். தச்சர்களின் வெள்ளைப் பசை மே மாத வெயிலைத் தாங்கியது. ஜூலை மழைக்காற்றில் பலகை உப்பி, ஓரம் வாயைத் திறந்துவிட்டது. செருப்புக் கடையில் வாசம் வருமே, அந்த மஞ்சள் ரப்பர் பசை மழையைத் தாங்கியது. ஆனால் குளிர்காலத்துக்குள் பலாப்பால் மாதிரி பிசுபிசுத்துப் போனது. ரெக்ஸினை வளையவைக்க அதில் சேர்க்கிற எண்ணெய் மெல்லக் கசிந்து அந்த ரப்பரை இளக்கிவிடும். துணி முதுகுள்ள ரெக்ஸின் என்றால் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவே. நின்றது பாலியூரித்தேன் பசை. விலை அதிகம், பிரிப்பதும் கஷ்டம். அதனால் அதை மடித்த ஓரங்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, நடுவில் ஒட்டாமல் இழுத்துக் கட்டச் சொன்னேன். துணிக்கும் கம்பளத்துக்கும் மஞ்சள் பசையே போதும். இரண்டு பக்கமும் தடவி, பத்துப் பதினைந்து நிமிஷம் உலரவிட்டு, கையில் ஒட்டாத பதத்தில் அழுத்த வேண்டும். அவசரக்காரர்கள் ஈரத்திலேயே அழுத்திவிட்டுக் கம்பெனிக்காரனைத் திட்டுவார்கள்.

ஆட்டாவைச் சொல்ல மறந்துவிட்டேனே! வங்காளியில் பசைக்கு 'ஆட்டா' என்று பெயர். கடைக்காரர் முதல் நாள் "தாதா, ஆட்டா கொண்டு வாங்க" என்றதும் கோதுமை மாவு வாங்கிப் போக இருந்தேன். (தாதா என்றால் இங்கே அண்ணன், பயப்பட வேண்டாம்.)

சிரிப்பு அத்தோடு சரி. தூசி ஒட்டிவிடும் என்று நாலு கண்ணாடியும் ஏற்றிவிட்டு, உள்ளே இருபது வயசுப் பையன் ஒருவன் தரைக் கம்பளத்துக்குப் பசை தடவிக்கொண்டிருந்தான். அந்த மஞ்சள் பசையைக் கரைத்து வைத்திருப்பது டொலுயீன். அதன் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். பையனின் மூக்கும் அங்கேதான். தலை சுற்றலில் ஆரம்பித்து, வருஷக்கணக்கில் மூளை நரம்பையே தொடும். வாசலில் ஒருவர் பீடி வேறு பற்றவைத்துக்கொண்டிருந்தார். இத்தனை நாள் பசையின் ஆயுளைப் பற்றி மாடியில் ஆராய்ச்சி செய்த எனக்கு, இது அப்போதுதான் உறைத்தது.

"கதவைத் திறந்து வைத்துச் செய்யட்டும், பீடியைத் தூரமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்றேன். "இரண்டு நாள் கூடுதலாகும் தாதா, கூலியும்" என்றார். எண்ணூறு ரூபாய் கூட்டிப் பேசி முடித்தோம். மறுநாள் போனபோது நாலு கதவும் திறந்திருந்தன, ஒரு டேபிள் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. பையன் வெளியே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். பசை உலர இன்னும் ஐந்து நிமிஷம் இருக்கிறதாம்.