உழுதவன் கணக்குப் பார்க்கட்டும்!



"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது" என்பார்கள் நம் பெரியவர்கள். வயலில் பிறந்த இந்தப் பழமொழி இன்று பட்டறைக்கும் டீக்கடைக்கும் தையல் கடைக்கும் குடிவந்துவிட்டது. கணக்குப் பார்க்காமல் இருக்க இதைவிட நல்ல சாக்கு உண்டா? மிஞ்சவில்லை என்றால் ஏன் மிஞ்சவில்லை என்று வருஷத்துக்கு ஒரு நாளாவது உட்கார்ந்து பார்க்க வேண்டாமா? பெரிய கம்பெனிக்கு ஆடிட்டர் இருக்கிறார். நம் வீட்டுக்கு யார் இருக்கிறார்கள்?

ஆயுத பூஜைக்கு மெஷினைத் துடைத்துப் பொட்டு வைக்கிறோம். கணக்கு நோட்டையும் பூஜையில் வைக்கிறோம். ஆனால் அதைத் திறந்து கூட்டிப் பார்ப்பதில்லை!

என் அப்பா கோவையில் லேத்துப் பட்டறை வைத்திருக்கிறார். ஆறாம் வகுப்போடு நின்றவர். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். கடன் வாங்கி இன்னொரு லேத்து போடலாம் என்று அவர் யோசித்துக் கொண்டிருந்த சமயம், போன மார்ச் 31 அன்று பில் புத்தகத்தை எடுத்து வைத்தேன்.

"மெஷின்தான் ஓடிட்டே இருக்குதே கண்ணு, அப்புறம் என்னத்துக்குக் கணக்கு?" என்றார்.

வருஷத்துக்குப் போட்ட பில் ரூ.7,20,000. வாடகை 96,000, கரண்ட் 66,000, வேலையாள் சம்பளம் 1,80,000, டூல், ஆயில், ரிப்பேர் 78,000. எல்லாம் போக மூன்று லட்சம். "பாத்தியா, லாபம்!" என்று அப்பா சிரித்தார்.

"உங்க கூலி எங்கீங்கப்பா?" என்று கேட்டேன். வேறு பட்டறையில் டர்னராகப் போனால் மாசம் 18,000 கிடைக்கும். அது வருஷத்துக்கு 2,16,000. மிச்சம் 84,000. லேத்து தேய்கிறதே! மூன்று லட்சத்துக்கு வாங்கியது, பத்து வருஷம் உழைக்கும் என்று வைத்தால் தேய்மானம் 30,000. மிச்சம் 54,000. இதில் ஒரு கம்பெனியிடமிருந்து 60,000 இன்னும் வரவே இல்லை. அப்பா சிரிப்பை நிறுத்திவிட்டார்.

ஒரு வருஷக் கணக்கு பாதிக் கதைதான். பழைய பில்களைப் பக்கத்தில் வைத்தபோதுதான் மீதி தெரிந்தது. நாலு வருஷமாக புஷ் கடைசலுக்கு அதே ரேட்டு. வாடகை மட்டும் இரண்டு தடவை ஏறியிருக்கிறது. ஓடுகிற மெஷின் எல்லாம் சம்பாதிக்கிற மெஷின் அல்ல என்று அன்றைக்குத்தான் புரிந்தது. கடன் யோசனையை அப்பா தள்ளி வைத்தார். இரண்டு பேரிடம் ரேட்டு கேட்டார். ஒருவர் ஏற்றிக் கொடுத்தார், இன்னொருவர் மறுத்துவிட்டார். மறுத்தவர் வேலையை அப்பா விட்டுவிட்டார்.

வராத பாக்கிக்கும் வழி இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, பதிவு செய்த சிறுதொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். தவறினால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2020 ஜூலை முதல் நடக்கும் 'உத்யம்' பதிவுக்குக் கட்டணமே கிடையாது. ஆனால் யார் எவ்வளவு தர வேண்டும், எத்தனை நாளாச்சு என்று தெரியாதவன் எதை வைத்துக் கேட்பான்?

"இருக்கிற நிம்மதியும் போயிடும்" என்று சிலர் சொல்லக்கூடும். தெரியாமல் இருப்பது நிம்மதி அல்ல நண்பர்களே. நஷ்டம் நமக்குத் தெரியாமலே அப்பாவின் உழைப்பையும் அம்மாவின் நகையையும் தின்றுவிடும்.

தேய்மானம் என்ற சொல்லை நாம் பரீட்சைக்கு மட்டுமா படித்தோம்? நம்மில் பலர் வீட்டில் வெல்டிங் பட்டறையோ தள்ளுவண்டியோ தறியோ இருக்கிறது. வருகிற மார்ச் 31 அன்று ஒரு நோட்டோடு பெற்றோர் பக்கத்தில் உட்காருங்கள். அவர்களுடைய கூலியை முதல் வரியிலேயே எழுதுங்கள். இத்தனை வருஷமாக யாரும் எழுதாத வரி அதுதான்.

– மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை